ஒரு வரியும் விடாமல்

ஆதிரையை உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போது கண் ரீடிங் எடுக்கிற சீனியர் பெண் ஷர்மிளா சொன்னாள்: "நீங்க வெளியவே உக்காருங்கக்கா. அம்மா பக்கத்துல இருந்தா பிள்ளைங்க போர்டப் பாக்காது, அம்மா மூஞ்சியத்தான் பாக்கும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இருந்தாலும் எழிலரசிக்கு, யாரோ தன் கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூடி வைத்த மாதிரி இருந்தது. திரைச்சீலை முழுக்க மூடவில்லை. ஒரு சாண் இடைவெளியில், உயரமான நாற்காலியிலிருந்து தரைக்கு எட்டாமல் தொங்கும் ஒன்பது வயதுக் கால்கள் இரண்டும், அறைக் கோடியில் எழுத்துகள் ஒளிரும் திரையும் தெரிந்தன. மடியில் ஃபைல். ஃபைலுக்குள் ஸ்கேன் படம். பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். மகளின் இடது கண் ஒரு பெரிய வட்டமாக, ஓரமெல்லாம் நீலம், உள்ளே பச்சை, அப்புறம் மஞ்சள், நடுவுக்குச் சற்றுக் கீழே சிவப்பாக ஒரு திட்டு. கடலூர்க்காரிக்கு இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி கார்த்திகையில் டிவியில் காட்டுவதுதான். வங்கக் கடலில் நிலைகொண்டு, நகராத மாதிரி நகர்ந்து, கரையை நோக்கி. அப்பா சைக்கிளில் துறைமுகம் வரை போய், புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்து, வாசலில் நின்றபடியே எண்ணை மட்டும் சொல்வார், மூணு, ஏழு, ஒன்பது. எண் ஏற ஏற அம்மா மெழுகுவத்தி தேடுவாள். இங்கே எண் இறங்கினால்தான் புயல். "நானூத்தி இருபத்தெட்டு," என்றார் டாக்டரம்மா, அரை மணி நேரத்துக்கு முன்னால், பேனா முனையை அந்தச் சிவப்பின் மேல் வைக்காமல் வைத்து. "இந்த இடத்துல கருவிழியோட தடிமன் இது. ஐந்நூத்தி நாப்பது இருந்தா நான் சந்தோஷமா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்." மைக்ரான் கணக்காம். ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் கோட்டுக்குப் பாதிகூட வராது. அந்தப் பாதிக்கும் குறைந்த ஒன்றுக்குப் பின்னால்தான் ஆதிரை இருக்கிறாள்.

டாக்டரம்மா நல்ல மனுஷி, அவசரப்படவில்லை, எல்லாவற்றையும் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது. கருவிழி வாட்ச் கிளாஸ் மாதிரி உருண்டையாக இருக்க வேண்டியது, பாப்பாவுக்கு மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளுகிறதோ என்று சந்தேகம், அலர்ஜி அரிப்பு, கசக்கக் கசக்க இன்னும் தள்ளும். கையளவு கருவி ஒன்றை வைத்துக் கண்ணுக்குள் வெளிச்சக் கோட்டை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தபோது, அந்தக் கோடு கத்திரிக்கோல் மாதிரி திறந்து மூடியதாம். கத்திரிக்கோல். அந்தச் சொல்லை எழிலரசி ஃபைலின் உள்ளே எங்கேயோ வைத்துவிட்டு மறந்துவிடப் பார்த்தாள். "நிறுத்தலாம்மா, பயப்படாதீங்க," என்றார் டாக்டரம்மா. "கயித்துக் கட்டில் தொய்ஞ்சு போனா இழுத்துக் கட்டறோம்ல, அது மாதிரி. விட்டமின் சொட்டு மருந்து விட்டு ஊற வெச்சு, ஊதா வெளிச்சம் காட்டுவோம். உள்ள இருக்கிற நாரெல்லாம் இறுகிக்கும். போன பார்வை முழுசா திரும்பாது, ஆனா இருக்கறது அப்படியே நிக்கும். நானூறுக்கு மேல இருந்தாதான் தைரியமா செய்யலாம். கீழ போயிட்டா வெளிச்சம் உள்பக்கத்தையே சுட்டுடும். அப்புறம் வேற வழி பாக்கணும்." வேற வழி என்னவென்று எழிலரசி கேட்கவில்லை. டாக்டரம்மாவின் தலைக்குப் பின்னால், சுவரில், கண்தானம் செய்யச் சொல்லும் போஸ்டர் இருந்தது. ஆக, நானூறு பாஸ் மார்க். அவள் புத்தி அப்படித்தான் போகும், எதைக் கொடுத்தாலும் மார்க்காக மாற்றிக்கொண்டுதான் உள்ளே எடுத்துக்கொள்ளும். ஆதிரை பிறந்தபோது நர்ஸ் எடை சொன்னதைக்கூட, மூன்று கிலோவுக்கு இரண்டரை என்று, நூற்றுக்கு எவ்வளவு என்று மனசு வகுத்துப் பார்த்தது. இருபத்தெட்டு மார்க் வித்தியாசத்தில் நிற்கிறாள் பிள்ளை. ஒரு மாசத்துக்கு எவ்வளவு குறையும்? அதையாவது கேட்டிருக்கலாம். கேள்வி கேட்டதெல்லாம் டாக்டரம்மாதான். அவர் கேட்டதற்குத்தான் அவள் பதில் சொன்னாள்.

"ஸ்கேன் ஒண்ணு சொல்லுது, காலைல எடுத்த ரீடிங் ஒண்ணு சொல்லுது. ரெண்டு கண்ணும் கடைசி வரி வரைக்கும் படிக்கறா. ஸ்கேன் எடுக்கறப்ப பாப்பா இமைச்சுக்கிட்டே இருந்தா, அதனால இதையும் முழுசா நம்ப முடியல. முன்னாடி எங்கயாவது பாத்தீங்களா?" என்று கேட்டபோது எழிலரசி ஃபைலின் பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்த அட்டையை எடுத்தாள். பள்ளிக்கூடத்துக் கண் முகாம், எட்டு மாசம் முன்னால், முத்திரையோடு, இரண்டு கண்ணுக்கும் ஆறுக்கு ஆறு, குறையே இல்லாத பார்வை. ஏன் கொண்டு வந்தாள்? கொண்டு வராமல் இருந்திருக்கலாம். எந்த ஆபீஸுக்குப் போனாலும் எல்லாச் சர்ட்டிஃபிகேட்டையும் எடுத்துக்கொண்டு போகிற பழக்கம். "பரவால்லையே," என்று டாக்டரம்மா அட்டையை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். "எட்டு மாசம் முன்னாடி நல்லாத்தான் தெரிஞ்சிருக்கு, இல்ல?" அந்த 'இல்ல'வுக்கு அப்புறம் ஒரு இடம் இருந்தது, ஒரு மனுஷி எழுந்து நிற்கிற அளவுக்கு இடம். எழிலரசி, "ஆமா டாக்டர்," என்றாள். "அப்ப மறுபடி ஒரு தடவ சீனியர் ரீடிங் எடுக்கட்டும். இதே மாதிரி படிச்சான்னா, அலர்ஜிக்கு சொட்டு மருந்து போட்டு, மூணு மாசம் கழிச்சு ஸ்கேன் பாத்து முடிவு பண்ணுவோம். பார்வை குறைஞ்சிருந்தா ஒரு நாள்கூட காக்க வேணாம், இந்த வாரமே வெளிச்சம் வெச்சுடலாம். சின்னப் பிள்ளைங்களுக்கு இது ஓட்டமா ஓடும்." ஓட்டமா ஓடும். மூன்று மாசம். தொண்ணூறு நாள், இருபத்தெட்டு மார்க். கழிக்கத் தெரியாதவளா அவள்? போனில் கணவன் பிரபாகரின் செய்தி, கம்பெனியில் ஷிஃப்ட் நடுவே அனுப்பியது: என்னாச்சு. அவள் விரல் தானாக எழுதியது: ரீடிங் நல்லா வந்திருக்குங்க. உடனே பதில்: சூப்பர், யார் பொண்ணு. அதைப் பார்த்ததும் ஒரு கணம், ஒரு கணம்தான், எல்லாம் சரியாகிவிட்ட மாதிரியே இருந்தது.

எதிர் வரிசையில் ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டிய ஆள் ஒருவர், பக்கத்தில் டிபன் கேரியரை மடியில் கட்டிப்பிடித்தபடி அவர் மனைவி. பேச்சிலேயே கடற்கரைப் பக்கம் என்று தெரிந்தது. "யாருக்கும்மா, ஒனக்கா?" என்றாள் அந்த அம்மாள். "பொண்ணுக்கு." "அய்ய, அத்தினூண்டு புள்ளைக்கா! இதுக்கே அறுவது வயசுக்கு மேலதான் புரை வந்துது," என்று புருஷனை முழங்கையால் இடித்தாள். "அறுவது இல்ல, அம்பத்தெட்டு," என்றார் அவர். "ஆமா, பொண்ணு பாக்கப் போறாங்க ஒனக்கு, வயசக் கரெக்டா சொல்லு." "ஒரு கண்ணு போதும்மா எனுக்கு. இவள ரெண்டு கண்ணாலயும் பாத்தா தாங்காது." "யோவ், வாய மூடு. டாக்டரு பேசக் கூடாதுன்னாரு இல்ல." "கண்ணத் தொறக்கக் கூடாதுன்னாருடி, வாய இல்ல." திரைச்சீலைப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "இந்த ஏ பி சி டி எல்லாம் எனுக்கு ஆவாது. வேன் லைசென்சு எடுக்கப் போனப்போ முன்னாடி நின்னவன் இன்னா சொன்னானோ அதையே அப்படியே சொன்னேன். பாஸு!" "அப்புறம் இன்னா ஆச்சு, அதையும் சொல்லு. நெல்லிக்குப்பம் ரோட்டுல புளிய மரத்துல கொண்டு போயி வுட்ட. மரத்துக்கு யாரு லைசென்சு குடுத்தது?" நாலைந்து பேர் சிரித்தார்கள். எழிலரசியும் சிரித்தாள். வேனுக்கு மரமாவது குறுக்கே வந்தது.

அவள் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை. இல்லை, வேண்டுமென்றுதான் செய்தாள், ஆனால் கெட்டதென்று நினைத்துச் செய்யவில்லை. பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தது, வெள்ளிக்கிழமை கண் பரிசோதனை என்று. பரிசோதனை என்ற சொல்லைப் பார்த்ததும் அவளுக்குள் மணி அடித்துவிட்டது, கான்வென்ட் மணி, வராந்தா முழுக்க ஷூ சத்தம், பின்னல் இரண்டும் மடித்துக் கட்டிய நீல ரிப்பன், வரிசை. போனில் தேடி அந்த எழுத்து அட்டையை எடுத்து, ஜெராக்ஸ் கடையில் பெரிதாக அச்சடித்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, ஹாலின் இந்தக் கோடியில் ஆதிரையை நிற்க வைத்தாள். மூன்றாவது வரியோடு பிள்ளை நின்றுவிட்டது. கண்ணை இடுக்கியது, கழுத்தைச் சாய்த்தது, "எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குதும்மா," என்றது. அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: படித்தது போதவில்லை. வாசிக்க முடியாத எழுத்து என்றால் படிக்காத பாடம். வேறு விதமாக நினைக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சிஸ்டர் ஃபிலோமினா, பிரம்பை ஒருநாளும் ஓங்காமல் கையில் மட்டும் வைத்திருக்கிற சிஸ்டர், மலையாள வாடையில் சொல்வார்: "பிளாங்க் விடாதே மோளே. எதையாவது எழுதிட்டு வா. பிளாங்க் விட்டவளுக்கு தெய்வம்கூட மார்க் போட முடியாது." அதைக் கேட்டுத்தான் பத்தாவதில் பள்ளி முதல், பன்னிரண்டில் பள்ளி முதல், அப்புறம் கல்யாணம். நாலு நாள், சாயங்காலம் பால் குடித்ததும், ஹாலில் நிற்க வைத்து, வாய்ப்பாடு மாதிரி, தொடையில் தட்டித் தட்டி. ஈ. எஃப், பீ. டீ, ஓ, ஸெட். எல், பீ, ஈ, டி. வியாழக்கிழமை பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே எட்டு வரியும் சொன்னாள். அப்போது எழிலரசி ஒன்று சொன்னாள், அதுதான், அதைத்தான் அவள் இந்த எட்டு மாசமாகச் சுற்றிச் சுற்றி வருகிறாள், சோறு வடிக்கும்போது, துணி உலர்த்தும்போது: "ஒவ்வொரு வரி முடிஞ்சதும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ பட்டு. அப்பதான் பாத்துப் படிக்கற மாதிரி இருக்கும்." பாடம் என்று நினைத்தவள் இதைச் சொல்வாளா? அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கேயோ, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கரப்பான் ஓடுகிறது என்று தெரிகிற மாதிரி, பார்க்காமலே தெரிந்திருக்கிறது.

கசக்குகிற சத்தம்கூடக் கேட்டதே. ஈரமான சத்தம், சளக் சளக் என்று, பக்கத்து அறையிலிருந்தே கேட்கும். கை முட்டியைக் கண்ணுக்குள் திருகித் திருகி, அதில் ஒரு சுகம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "கைய எடு" என்று அடுப்படியிலிருந்து சொல்லிவிட்டு அவள் தாளித்துக்கொண்டிருந்தாள். கோடை முழுக்க நூல் மாதிரிப் பீளை, கண் வெள்ளையில் டீக்கறை மாதிரி ஒரு நிறம். தூசி, வெயில், எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான் என்று மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து. அப்புறம் அந்த நிலாப் படம். ட்ராயிங் வகுப்பில் ஆதிரை நிலாவை மூன்றாக வரைந்திருந்தாள், ஒன்றின் மேல் ஒன்று சறுக்கி விழுகிற மாதிரி, கீழே இழுபடுகிற வாலோடு. மிஸ் ஸ்டார் போட்டு, என்ன கற்பனை என்று எழுதியிருந்தார். எழிலரசி அதை ஸ்டேட்டஸில் வைத்தாள். நாற்பத்தாறு பேர் பார்த்தார்கள். நாற்பத்தாறு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, பிள்ளை கண்ணால் கண்டதைத்தான் வரைந்திருக்கிறது என்று. ஒன்பது மாசம் வயிற்றில் வைத்திருந்தவளுக்கே தோன்றவில்லை. அருள் நிறைந்த மரியே, என்று உள்ளே ஆரம்பித்தது. அவள் வேறு சாமி கும்பிடுகிறவள், இருந்தாலும் பயம் வந்தால் மனப்பாடமாக வருவது அதுதான், பன்னிரண்டு வருஷம் காலையில் சொன்னது, அர்த்தம் பார்க்காமல், வரி தவறாமல். வரி தவறாமல் என்பது நினைவுக்கு வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டாள். இப்போது எழுந்து போகலாம். போய், டாக்டர், அந்த அட்டை பொய், என்று நாலு வார்த்தை. நாலு வார்த்தைக்கு அப்புறம் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பார். ஃபைலில் எழுதுவார், தாய் சொல்லிக்கொடுத்தது என்று, அது அந்தப் பிள்ளையோடு ஆயுசுக்கும் போகும். பிரபாகர் கத்தமாட்டான். சாப்பிடாமல் எழுந்து போவான், அவ்வளவுதான். இதோ எழுந்துவிடலாம். இந்த வரி முடியட்டும்.

உள்ளே ஆதிரையின் குரல் கேட்டது, கணீரென்று. "ஈ." மூச்சு. "எஃப், பீ." மூச்சு. காலையில் பயிற்சிப் பெண்ணிடம் சொன்ன அதே தாளம். இன்றைக்கு எழிலரசி ஒன்றுமே சொல்லவில்லை, பஸ்ஸில் வரும்போது கை பிடித்து உட்கார்ந்திருந்ததைத் தவிர. சொல்ல வேண்டியிருக்கவில்லை. தொங்குகிற வலது கால் நாற்காலிக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது, ஒரு எழுத்துக்கு ஒரு தட்டு. "இது மட்டும் படிம்மா, அஞ்சாவது வரி," என்றாள் ஷர்மிளா. அப்புறம் உதட்டுக்குள் ஒரு முணுமுணுப்பு, ஈ, எஃப்பீ, டீயோஸெட், எல்பீஈடி, வேகமாக, மேலே இருந்து, நடுவில் தொட்டால் வராத பாட்டை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிற மாதிரி, ஐந்தாவது வரி வந்ததும் சத்தமாக, "பீ, ஈ, சீ, எஃப், டி." சரி. எல்லாம் சரி. எழிலரசியின் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது, ரிசல்ட் போர்டில் நம்பரைக் கண்டுபிடித்த நிம்மதி, கெட்ட தேன் மாதிரி. அது பரவுவதை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பிள்ளை பாஸ் ஆகிறாள், என்று உள்ளே ஒருத்தி சந்தோஷப்படுகிறாள். இன்னொருத்தி அவளைப் பார்த்து மயிர்க்கூச்செறிந்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே கால், அது எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

"வலது கண் ஆச்சு. இப்ப இந்தப் பக்கம் மூடிக்கோ." கறுப்புக் கரண்டி மாதிரியான ஒன்று கை மாறியது. ஷர்மிளா அந்தக் கால் தட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, சாதாரணமாக, தலைமுடியை ஒதுக்குகிற மாதிரி, மேசையிலிருந்த ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். திரையில் எழுத்துகள் போய்விட்டன. சாண் இடைவெளியில், இருபதடி தூரத்திலிருந்து, எழிலரசிக்கு நன்றாகத் தெரிந்தது: எண்கள். மேலே ஒற்றையாக நாலு. கீழே ஏழு, இரண்டு. அதற்கும் கீழே ஐந்து, எட்டு, மூன்று. உள்ளங்கை அளவு எண்கள். சொல்லுடி, என்று எழிலரசி நினைத்தாள், இங்க ஒண்ணுமே இல்லன்னு சொல்லு, மாறிப்போச்சுன்னு சொல்லு, பிளாங்க் விடு, பட்டு, ஒரு தடவை பிளாங்க் விடு. கால் கம்பியைத் தட்டியது. "ஈ," என்றாள் ஆதிரை, கணீரென்று. மூச்சு. "எஃப், பீ." மூச்சு. "டீ, ஓ, ஸெட்."

எழிலரசி எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. திரைச்சீலை அவள் தோளில் மாட்டி வளையங்கள் கிறீச்சிட்டன. ஷர்மிளா ரிமோட்டைக் கையில் வைத்தபடியே அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அது இன்னும் மோசம். ஆதிரை காலடிச் சத்தம் வந்த பக்கம் திரும்பி, ஒரு கண்ணை மூடியபடி, அம்மாவின் முகத்துக்குச் சற்று இடதுபுறம், சுவரைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா, எல்லாம் சொல்லிட்டேன்மா. ஒரு வரியும் விடல." "ஆமாடா பட்டு," என்றாள் எழிலரசி. குரல் சிஸ்டருக்கு முன்னால் எழுந்து நிற்கிற பிள்ளையின் குரலாக வந்தது. "நான்தான் மனப்பாடம் பண்ண வெச்சேன் மேடம். ஸ்கூல் முகாம்லயும் இதான் சொன்னா. அந்த ஆறுக்கு ஆறு பொய். எட்டு மாசம் முன்னாடியே மூணு வரிக்கு மேல தெரியல இவளுக்கு. எனக்குத் தெரியும்." ஷர்மிளா ரிமோட்டை மேசையில் வைத்தாள். "டாக்டர் ரூமுக்கு வாங்கக்கா. இப்பவே." "நானே சொல்றேன்." "சொல்லுங்க. வாங்க." வராந்தா நீளமாக இருந்தது. ட்யூப்லைட் ஒன்று விட்டு ஒன்று எரிந்தது. டிபன் கேரியர் அம்மாள் காலை மடக்கி வழிவிட்டாள். நானூற்று இருபத்தெட்டு காலை பத்து மணிக்கு எடுத்த கணக்கு, இப்போது மணி பன்னிரண்டரை. "நான் ஃபெயிலாம்மா?" என்றாள் ஆதிரை. எழிலரசியின் ஒரு கையில் அவள் விரல்கள், இன்னொரு கையில் அந்த முகாம் அட்டை, எதற்காக எடுத்தாள் என்று தெரியவில்லை, காட்டுவதற்காக இருக்கும். பிள்ளையின் இன்னொரு கை மெதுவாக மேலே எழுந்தது, முட்டி மடங்கியது, இடது கண்ணுக்குப் போய், அந்த ஈரச் சத்தம். எழிலரசி அட்டையைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள். இரண்டு கையையும் பிடித்தபடி, பக்கவாட்டில் நண்டு மாதிரி, பிள்ளையை இழுத்துக்கொண்டு நடந்தாள். "விடும்மா, அரிக்குது," என்றாள் ஆதிரை. "அம்மா, ரொம்ப அரிக்குதும்மா."